என் பக்கத்துப் பிரேக்

“அவருக்குப் பிரேக்கே இல்ல டாக்டர். நேத்து கடையில பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சுச் சாப்பிட்டாச்சு. தட்டிக்கேட்ட கடைக்காரர்கிட்ட வாய்க்கு வந்தபடி பேச்சு.”

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுத்தருபவளுக்கு அப்படித்தான் சொல்ல வந்தது.

“சரியாத்தான் சொன்னீங்க. மூளையோட முன்பகுதிதான் பிரேக். கடைசியா வளர்றதும் அதுதான். முழுசா வளர இருபத்தஞ்சு வயசாயிடும்.” டாக்டர் ஸ்கேன் படத்தை அவள் பக்கம் திருப்பினார். “சிலருக்கு முதல்ல தேயறதும் அதுதான்.”

“மாத்த முடியாதா?”

“முடியாதும்மா.”

அவள் படத்தை வாங்கி உறைக்குள் வைத்தாள்.

“எங்க வண்டியில என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கும் டாக்டர். ஓட்டுறவங்க மறந்தா நான் மிதிப்பேன்.”

எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே, பக்கத்து நாற்காலிக்காரரின் பைக்குள் ஒரு கை போய்க்கொண்டிருந்தது.

“என்னங்க, அது நம்ம பை இல்ல. வாங்க, வீட்டுக்குப் போலாம்.”