வித்வான் வீட்டுச் சத்தம்

"ஒரு பட்டனைத் தட்டினா சத்தமெல்லாம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப முடியாதுன்னா என்ன கொழுப்பு?"

இசை ஆவணக் காப்பக இயக்குநர் அம்மாள் கத்திய கத்தலுக்கு பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்ஜினியர் மட்டும் அசரவில்லை.

வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டு சௌக்கியமாக இருந்த மனுஷன். அதை உதறிவிட்டு, பூஞ்சை பிடித்த டேப்புகளை இணையத்தில் ஏற்றப் போகிறேன் என்று இங்கே வந்து உட்கார்ந்தவர். "செத்தவங்களுக்கு சர்வீஸ் பண்ற ஒரே இன்ஜினியர் எங்க வீட்டுக்காரர்தான்" என்று அவர் மனைவியே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது கையில் இருப்பது மறைந்த வயலின் வித்வான் ஒருவர் வீட்டில் வாசித்துப் பதிந்த டேப்புகள். வாசிப்புக்கு நடுவே பாத்திரம் உருள்கிறது, ஒரு பெண் அதட்டுகிறாள். அதையெல்லாம் நீக்கினால்தான் அனுமதிக் கையெழுத்து என்று வித்வானின் ஒரே மகன் கறாராகச் சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் திட்டத்தையே இழுத்து மூட வேண்டியதுதான்.

"அவரே வந்து டேப்பைக் கேக்கட்டும் மேடம். கேட்டுட்டு நீக்கச் சொன்னா நீக்கிடறேன்."

"உங்க வறட்டுப் பிடிவாதத்துல என் வேலையும் சேர்ந்து போகப் போகுது!"

இயக்குநருக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் போன் போட்டார்.

மகன் வந்தார். முதலில் சென்ட் வாசனை வந்தது, பிறகு அவர்.

"அப்பா வாசிப்பைக் கேக்காம எனக்குத் தூக்கமே வராதுங்க. இந்த டேப்பை என் செக்ரட்டரிதான் கேட்டாரு. ரொம்ப வருத்தப்பட்டாரு."

இன்ஜினியர் டேப்பை ஓடவிட்டார்.

வயலின் குழைந்தது. எங்கோ ஒரு பாத்திரம் டமால் என்று விழுந்தது. "ஏய்! யாரது?" என்று ஒரு பெண் குரல்.

"இதேதான்! எவளோ வேலைக்காரி நாராசமா கத்தறா. முதல்ல இவளைத் தூக்குங்க!"

இயக்குநர் வேகவேகமாகத் தலையாட்டினார். இன்ஜினியர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"அப்பா வாசிக்கறாருல்ல? உருட்டாதடா தங்கம். ஓடாத, விழுந்துடுவே!"

மகனின் முகம் வெளுத்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க சார்," என்றார் இன்ஜினியர். "அடுத்து ஒரு குட்டிப் பையன் 'போம்மா'ன்னு கத்துவான். அவனையும் சேர்த்துத் தூக்கிடவா?"