சிவப்பு முக்காடு

"அஸர் தொழுகைக்குள்ள ஒரு பேரு. ஒரே ஒரு பேரு போதும். எங்கே போய்ப் பிடிப்பேன், நிங்சி?"

துவைக்கும் கல்லின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள் லாரஸ். நிங்சி வாளியிலிருந்த சீருடையை எடுத்துப் பிழிந்தாள்.

அந்தப் பெண்கள் விடுதிப் பள்ளியில் அரபியோ ஆங்கிலமோதான் பேசலாம். வீட்டில் பேசுகிற ஜாவா மொழி வாயில் வந்துவிட்டால் குற்றம். பிடிபட்டவள் மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குள் அதே குற்றத்தில் இன்னொருத்தியைப் பிடித்து, மொழி அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் தப்பித்தாள். இல்லையென்றால் அடுத்த நாள் முழுக்கச் சிவப்பு முக்காட்டோடு வாசலில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று அலுவலகத்தில் பெயர் வாங்க மாட்டார்கள். அதனால் வியாழக்கிழமை கடைசியாக மாட்டுகிறவளுக்குத் தவணை கிடையாது, நேரே முக்காடுதான்.

இன்று வியாழன். பெற்றோர் வந்து பார்க்கிற நாள் வெள்ளி.

"காலையிலேர்ந்து அலையறேன்டி. சமையல்கட்டுக்குப் போனா, என்னைப் பார்த்ததும் அத்தனை பேரும் ஊமை. குளிக்கிற வரிசையில நின்னா, வாளி மட்டும்தான் சத்தம் போடுது. வாழை மரத்துக்குப் பின்னால ரெண்டு பேரு குசுகுசுன்னு பேசிட்டிருந்தாளுங்க. ஆசையா ஒட்டுக்கேட்டேன். மிளகாய்ச் சம்பல்ல இன்னிக்கு உப்பு ஜாஸ்தியாம். அதைப் போய்ச் சுத்தமான அரபியில சொல்லிட்டிருக்காளுங்க!"

நிங்சியின் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"நீயும் வாயைத் திறக்க மாட்டே. சரி, நானே நம்ம ஜாவாவில பேசறேன். ஏற்கெனவே மாட்டினவளுக்கு இனி என்ன பயம்?" லாரஸ் காலை நீட்டிக்கொண்டாள். ராத்திரி தூங்காத கண்கள் எரிந்தன. "அம்மா நாளைக்கு வர்றாங்கடி. அஞ்சு மாசம் ஆச்சு பார்த்து. இருட்டுலயே கிளம்பி ரெண்டு பஸ் மாறணும். சந்தையில பக்கத்துக் கடைக்காரங்ககிட்ட எல்லாம், எம் பொண்ணு மாதிரி அந்தப் பள்ளியிலயே யாரும் கிடையாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. வந்து இறங்கினதும் வாசல்ல நான் அந்த முக்காட்டோட நின்னா..."

லாரஸ் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள்.

நிங்சி சுற்றும்முற்றும் பார்த்தாள். கொடியில் தொங்கிய துணிகளைத் தவிர யாருமில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து எப்படித்தான்டி மாட்டினே?"

"கால்ல வாளி விழுந்துச்சு. ஐயோ அம்மான்னு கத்திட்டேன். வலியில அரபியா வரும்?"

"எனக்கு இங்கிலீஷ் வரும். இலக்கணம்தான் தப்பா வரும்."

லாரஸ் களைப்போடு சிரித்தாள். "உனக்கு நாளைக்கு யாரு வர்றா?"

"யாரு வருவா? எங்கம்மா ஹாங்காங்ல யாரு வீட்டுக் குழந்தையையோ தூக்கிட்டு நிக்கிறாங்க. பெருநாளுக்கு வர்றேன்னாங்க. எந்த வருஷத்துப் பெருநாள்னுதான் சொல்லல. வெள்ளிக்கிழமைன்னா நான் போர்த்திக்கிட்டுத் தூங்குவேன்." கொட்டாவி விட்டாள். "உங்கம்மா என்ன கொண்டு வருவாங்க?"

"வெல்லம் போட்டு வறுத்த சோயாத் தெம்பே."

"எனக்கு ஒரு பொட்டலம். பெரிய பொட்டலம்."

"உனக்கு வெட்கமே கிடையாதா?"

"வெட்கப்பட்டா தெம்பே கிடைக்குமா?"

வழக்கமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத நிங்சி அன்று ஓயாமல் பேசினாள். வயலில் மாமாவை எருமை துரத்தியது, பக்கத்து வீட்டுக்காரி மணமேடையில் தும்மிக்கொண்டே இருந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். லாரஸ் இடையில் இரண்டு முறை கண் அசந்தாள். இரண்டு முறையும் நிங்சி அவள் தோளைத் தட்டி எழுப்பிக் கதையைத் தொடர்ந்தாள்.

அஸருக்கு முந்தின கடைசி மணி அடித்தது.

"எந்திரி. முகத்தைக் கழுவிட்டு ஆபீசுக்குப் போ."

"வெறுங்கையோட போய் என்னடி பண்ண?"

"போய்த்தான் பாரேன்," என்றாள் நிங்சி. காலி வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

விடுதிப் படியில் லாரஸ் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கையில் பென்சில் இருந்தது. தொழுகைக்கு அழைப்பு வரச் சில நிமிடங்களே இருந்தபோது, நாலாக மடித்த சீட்டை மொழி அலுவலக மேசையில் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அலுவலகப் பொறுப்பு, கடைசி வருஷம் படிக்கும் ஹனீஃபாவுக்கு. அவள் சீட்டைப் பிரித்து, அலுத்துப்போன குரலில் படித்தாள்: "பெயர் நிங்சி. இடம், துவைக்கும் கல். மொழி, ஜாவா. பேசிய நேரம், அரை மணிக்கு மேல்."

லாரஸின் காது சுட்டது. "அவளைத் திட்டாதீங்கக்கா. என்னை நம்பித்தான் பேசினா. நான் எழுதுவேன்னு அவளுக்குத் தெரியாது."

"தெரியாதா?" ஹனீஃபா மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். அது காலியாக இருந்தது. "முக்காட்டை இப்பத்தான் வந்து வாங்கிட்டுப் போனா. 'லாரஸ் எம் பேரை எழுத யோசிப்பா, எழுதாம வந்தா நீங்களே எழுதிக்கோங்க'ன்னு சொன்னா. அதையும் ஜாவாவிலயே சொன்னா."