வலது விலா

1982. தொப்பூர் கணவாயில் லாரி மோதி, கவுஸ் பாஷாவின் வலது விலா முறிந்திருந்தது. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் கிடையாது.

“விலாவுக்கு உள்ளே கல்லீரல் கிழிஞ்சிருக்கு. அதைத் தைக்க இங்க வசதியில்ல. சேலம் கொண்டு போங்க” என்றார் டாக்டர் கஸ்பார்.

“அதுவரைக்கும் தாங்குவாருங்களா?” என்று கேட்டாள் மனைவி அக்தர் பேகம்.

டாக்டர் இடது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முகம் மாறியது.

“துடிப்பே சரியா கேக்கலம்மா.”

அக்தர் பக்கத்தில் நின்ற மாமனாரைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வலது பக்கம் வெச்சுப் பாருங்க.”

“இதயம் இடது பக்கம்மா.”

“இவருக்கு இல்லீங்க. நான் தெனமும் தலை வெச்சுப் படுக்கறது வலது பக்கந்தான். அங்கதான் கேக்கும்.”

டாக்டர் வைத்துப் பார்த்தார். தெளிவாகக் கேட்டது. இடது விலாவை விரலால் தட்டிப் பார்த்தார்; கல்லீரலுக்குரிய மந்தமான ஓசை அங்கே இருந்தது.

“சிஸ்டர், தியேட்டர ரெடி பண்ணுங்க! இவருக்கு உள்ள எல்லாமே பக்கம் மாறியிருக்கு. கல்லீரல் இடது பக்கம். வலது பக்கம் இரைப்பைய ஒட்டி இருக்கறது மண்ணீரல். கிழிஞ்சது அதுதான். இங்கேயே எடுத்துடலாம். அது இல்லாமலும் பொழைச்சுக்குவார்.”

மறுநாள் காலை மாமனார் வராந்தாவுக்கு வந்தார். அக்தர் தலை நிமிரவில்லை.

“கண்ணு முழிச்சிட்டான். நீ உள்ள போம்மா” என்றவர், அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலாக நின்றுகொண்டார்.