பதினேழு பேர் வழியாக வந்த அழைப்பு

எங்கள் கபடி அரங்கில் அலைபேசிக் கோபுரம் கிடையாது. அழைப்பு ஒருவர் உடம்பிலிருந்து பக்கத்து இருக்கைக்காரர் உடம்புக்குத் தாவித்தான் வரும்; நடுவில் யாராவது எழுந்தால் அறுந்துவிடும். அன்று எங்கள் அணி தோற்றதும் கூட்டம் எழுந்தது. "மாமா, பிரசவத்துல சிக்கல்..." என்று அலைபேசியில் வந்த மருமகனின் குரல் அறுந்தது.

நான் கத்தியது கேட்டு, வலைப்பின்னல் பொறியாளர் நஜ்முன்னிசா ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"அண்ணன்மாரே, பெரியவர் மகளுக்குப் பிரசவம். அவர் வரிசை மட்டும் உக்காருங்க!"

"இந்த ஆட்டத்துக்கே உக்காந்தோம், இதுக்கு மாட்டோமா?" என்று பதினேழு பேர் உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க மாமா. பொண்ணு!" அவர்கள் வழியாக வந்ததால், எனக்கு முன்பே அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

காதுகுத்துக்குப் பதினேழு பேரும் தாய்மாமன் சீரோடு வந்தார்கள். பதினேழு மடியிலும் பேத்தியை உட்காரவைத்த பிறகே ஆசாரி ஊசியை எடுத்தார்.