கல்லில் முதல் பேர்

"இந்தக் கல்லுல என் பேரு வேணாம்! எல்லாரும் வந்து ஒரு கை போடுங்க, பேத்துடலாம்!"

கடப்பாறையும் கையுமாகக் கத்திக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, அன்றைய விழா நாயகர் மேஸ்திரி இயேசுதாசன்தான். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் தங்கிப் போவதற்கென்று ஊர்த் தொண்டர் சங்கம் ஒரு சத்திரம் கட்டியிருந்தது. கட்டிய தொண்டர்களின் பெயர்களை வெட்டி வாசலில் நட்டிருந்த பெரிய கல்லில் முதல் பெயர் அவருடையது.

சங்கத்தின் காரியதரிசி யதிராஜ ஐயங்கார் ஓடிவந்து கடப்பாறையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஓய் இது! சித்த நேரத்துல டிப்டி கலெக்டர் வந்து திரையை விலக்கப் போறார். இப்பப் போய் பேர் வேண்டாங்கறீரே?"

"சாமி, உங்க கால்ல உழறேன். நான் இன்னா பெரிசா செஞ்சிட்டேன்? செஞ்சதெல்லாம் நம்ம பசங்க. பேரும் வேணாம், கல்லும் வேணாம்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. பெயருக்காக அடித்துக்கொள்கிற ஊரில் இப்படியும் ஒரு மனுஷனா! மிஷன் கோயிலிலிருந்து வந்திருந்த பெண்களில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"உடாதீங்க சாமி," என்றான் தொண்டன் கங்கையா. "இவ்ளோ பெரிய கல்லை இனாமாக் குடுத்துட்டு பேரு வேணாங்கறாரு பாருங்க. காலைலருந்து தேச்சுக்கினே இருக்கேன், பாதிக் கல்லு வரைக்கும் ஏறியிருக்கிற பாசிக் கறைதான் போவல. அதுவும் போயிருந்தா கண்ணாடியாட்டம் இருக்கும்."

இயேசுதாசன் அவன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. மேற்கே மலைப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலில் யாரும் எதிர்பாராத மழை விடியற்காலையிலிருந்து அங்கே கொட்டிக்கொண்டிருந்தது. காய்ந்து கிடந்த ஏரிக்குத் தண்ணீர் வருகிறது என்று ஊருக்கே குஷி. அவர் மட்டும் பதறிப்போய் ஐயங்காரிடம் திரும்பினார்.

"வண்டி கொண்டாந்து நிறுத்தி வெச்சிருக்கேன் சாமி. நம்ம பசங்க தூக்கினா ஒரு நிமிஷ வேலை. ஏரிக்குக் கீழண்ட தெருவுல என் பொண்ணு ஜெயசீலி புள்ள பெத்துப் படுத்துக்கினு இருக்கா."

"அதுக்கும் கல்லுக்கும் என்ன ஓய் சம்பந்தம்? விழா முடிஞ்சதும் போய் பேரனைக் கொஞ்சும், யார் வேண்டாங்கறா? ஆமாம், கல்லைப் பேர்த்து வண்டியிலே ஏத்தி எங்கே கொண்டு போகப் போறீர்?"

இயேசுதாசன் வாயைத் திறந்தார். அதற்குள் டிப்டி கலெக்டரின் கார் வந்து நின்றது. முன்னாலிருந்து சிவப்புத் தலைப்பாகை வைத்த இரண்டு கான்ஸ்டபிள்கள் இறங்கினார்கள். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

யாரையும் எதிர்பார்க்காமல் அவரே கடப்பாறையை ஓங்கிக் கல்லடியில் இறக்கினார். மறுபடியும் இறக்கினார். கல் இம்மியும் அசையவில்லை. நட்டவரும் அவரேதான், வஞ்சனையில்லாமல் நட்டிருந்தார்.

தொண்டர்கள் செல்லமாகக் கடப்பாறையைப் பிடுங்கி, அவரை அலக்காகத் தூக்கி மேடையில் உட்கார வைத்தார்கள். ஐயங்கார் டிப்டி கலெக்டரின் காதில் நடந்ததைச் சொன்னார். அவர் அசந்தே போனார்.

"இந்த ஜில்லாவிலே இப்படி ஒரு தொண்டரை நான் பார்த்ததே இல்லை!" என்று சொல்லித் தமக்குப் போட்ட மாலையைக் கழற்றி இயேசுதாசன் கழுத்தில் போட்டார். திரை விலகியது. மேளம் கொட்டியது.

இனித் தாங்காது என்று இயேசுதாசன் தடாலென்று அவர் காலில் விழுந்தார். "தொரே! நான் தொண்டன் இல்லீங்க! பாவி! திருடன்! மாலைக்குப் பதிலா வெலங்கு போடுங்க! இந்தக் கல்லை மட்டும் எடுக்கச் சொல்லுங்க!"

டிப்டி கலெக்டர் திகைத்துப் போய் ஐயங்காரைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ சார்," என்றார் ஐயங்கார், தாமும் கண் கலங்கி. "எங்களவா 'அடியேன்'னு சொல்லிக்கற மாதிரி இவா தங்களைப் 'பாவி'ன்னு சொல்லிப்பா. கோயில்ல ஜெபம் பண்றச்சேகூட அப்படித்தான்."

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. பாவம், அந்த மனிதர் அழ அழ ஜனங்கள் தட்டினார்கள்.

அப்போதுதான் சத்திரத்துக்குப் பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது. எந்தக் காலத்திலோ வெட்டி, தூர்ந்து, முள் மண்டிக் கிடந்த கால்வாயில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது.

கங்கையா துள்ளிக் குதித்தான். "மஞ்சி சகுனம், நல்ல சகுனம் சார்! இந்தக் கால்வாயில தண்ணி வந்து நான் பொறந்ததுலருந்து பாத்ததில்ல! மேஸ்திரி அண்ணன் மனசுக்குத்தான் வருது!"

மேளக்காரர் அதற்கும் ஒரு கெட்டிமேளம் கொட்டினார்.

இயேசுதாசன் மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டு மேடையிலிருந்து குதித்தார். ஏரிப் பக்கம் ஓடியவர், யாரும் பின்னால் வராததைக் கண்டு திரும்பி நின்று, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அலறினார்.

"ஓடியாங்கய்யா! ஏரில பழைய மதகை அடைச்சிருந்த கல்லைத்தான்யா பேத்துக்கினு வந்து குடுத்தேன்!"