புங்குஸ் கட்டிய குப்பை

குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றைத் தாண்டி வந்த காலை வெயில், ரிஷாத்தின் சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியின் மேல் விழுகிறது. மகளின் நிக்காஹ் வீடியோவை ஏற்ற டிரைவில் இடமில்லை. மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லி அவர் மனைவி ரஸ்னா தட்டுகிறாள். புகை படிந்தாற்போல் இரண்டு ஃபோல்டர்கள் எழுகின்றன. "என்னலா இது, பேய் மாதிரி? ரெண்டையும் டிலீட் பண்ணு." ரொட்டி மாவோடு எட்டிப் பார்த்துச் சொல்கிறார் ரிஷாத். ரஸ்னா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறாள்: "இது சிஸ்டத்தோடது, கை வைக்கக்கூடாது. அது ரிசைக்கிள் பின். நீங்க டிலீட் பண்ணதெல்லாம் வீசல, சாப்பாட்டுப் பொட்டலம் மாதிரி புங்குஸ் கட்டி உள்ளுக்கே வச்சிருக்கீங்க லா." காலி செய்யுமுன் ரஸ்னா ஒரு பழைய வீடியோவைத் திறக்கிறாள். அதில் ரிஷாத் வீசி விரித்த ரொட்டி மாவு அவர் தலையிலேயே முக்காடாக விழுகிறது. படம்பிடிக்கும், அன்று சிறுமியாக இருந்த அதே மகளின் சிரிப்பில் காட்சியே குலுங்குகிறது. தேத்தண்ணிக் கிளாஸோடு கடையே திரும்பிப் பார்க்கிறது. "ஐயோ, அத முதல்ல அழி லா!" என்று பதறுகிறார் ரிஷாத். ரஸ்னா அதை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதைக் காலி செய்கிறாள். நிக்காஹ் வீடியோ ஏறத் தொடங்குகிறது. பழைய வீடியோவில் குழந்தைக் குரல் கத்துகிறது: "அத்தா, இன்னொரு தடவ லா!" ரிஷாத்தின் கையிலிருந்த மாவு, அவரை அறியாமலே மேலே பறக்கிறது.