வெட்டாத ஓக் மரங்கள்

"பத்து ஹெக்டேர் ஓக். ஒன்பது வருஷமா ஒரு மரம்கூட வெட்டலை. செயல்திறன் பட்டியல்ல உங்க சரகம்தான் கடைசி. பக்கத்துச் சரகத்தோட சேர்த்துடுவாங்க."

அரசின் மதிப்பீட்டாளர் ஃப்ரௌக்கே வழக்கத்தைவிடக் கடுமையாகவே சொன்னாள்.

வனச்சரகர் ஹென்னிங் தொப்பியைக் கழற்றினார். "இது அஸ்தி புதைக்கிற காடு, மேடம். ஒவ்வொரு மரத்தடியிலயும் யாரோ ஒருத்தர் இருக்காங்க. வெட்ட மாட்டோம்னு குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம். உங்க படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே!"

"தெரியும்."

"எப்படித் தெரியும்? அதிகாரிங்க காரை விட்டே இறங்க மாட்டீங்களே!"

அவள் ஒரு மரத்தை நெருங்கி, சிறிய பெயர்த்தகட்டில் படிந்திருந்த பாசியை விரலால் துடைத்தாள்.

"ஆர்னோ. என் வீட்டுக்காரர்."

ஹென்னிங் குனிந்து அந்தப் பெயரைப் படித்தார்.

"அதனால இந்தக் காட்டை நான் மதிப்பிடக் கூடாது. வேற ஆளை அனுப்பச் சொல்றேன்," என்றாள் ஃப்ரௌக்கே. "அப்படி வர்றவர்கிட்ட உங்க பக்கம் பேச, சாட்சியா நான் வர்றேன்."